இரண்டு ‘ஆதியிலே’, ஒரு பழைய கருவி: கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் எந்த வழி?

பழைய இ-ரீடரிலோ கையடக்கக் கருவியிலோ வேதாகமத்தை மூலமொழிகளில் படிக்க நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. கிரேக்கம் மட்டும் போதும் என்பவர்கள் இதில் முக்கால்வாசியைத் தாண்டிவிடலாம். ஜென்டியம் ஃபான்டை இறக்குங்கள், கருவியின் ஃபான்ட் ஃபோல்டரில் போடுங்கள், கேபிளைக் கழற்றுங்கள், வேலை முடிந்தது. எபிரேயமும் வேண்டும், அதுவும் உயிர்க்குறிகளோடு (உயிரொலியைக் காட்டும் புள்ளிகள், கோடுகள்) வேண்டும் என்பவர்களுக்குத்தான் தலைவலி. மற்றதெல்லாம் அவர்களுக்காக எழுதுவது.

இறையியல் படிக்கும் தம்பி ஒருவர் ஆறு அங்குலத் திரை கொண்ட பழைய இ-ரீடரை எடுத்துக்கொண்டு வந்தார். “அண்ணே, கிரேக்கம் பரவாயில்ல, எபிரேயத்துல புள்ளியெல்லாம் பக்கத்து எழுத்துல போய் உக்காருது, வேற எந்த ஃபான்ட் போடட்டும்?” என்றார். ஏற்கெனவே ஐந்தாறு ஃபான்ட் போட்டுப் பார்த்திருக்கிறார், ஐந்தாறிலும் அதே கதை. ஆகவேண்டியதுதானே, குறை ஃபான்டில் இல்லை!

தமிழ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய செல்போன்களில் ‘கொ’ எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் வேறு. ஃபான்டுக்குள் எல்லா வடிவங்களும் இருந்தன, எதை எங்கே வைப்பது என்று சொல்லும் மென்பொருள்தான் இல்லை. எபிரேயத்துக்கும் அந்த மேஸ்திரி வேண்டும், ஒன்றுக்கு இரண்டு வேலைக்காக: வரியை வலமிருந்து இடமாக ஓட்டுவது ஒன்று, குறிகளை எழுத்தின் மேலும் கீழும் உள்ளேயும் சரியான இடத்தில் உட்காரவைப்பது இன்னொன்று. கிரேக்கம் தப்பித்ததற்குக் காரணம், அதன் கூட்டெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் தனி எண் உண்டு, பழங்கிரேக்கத்துக்கென்றே 230-க்கு மேற்பட்ட எண்களை ஒதுக்கித் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி இல்லாவிட்டாலும் அச்சு வார்த்த எழுத்தை எடுத்து அப்படியே வைத்துவிடலாம்.

எந்த வழிக்கும் போகும் முன்னால் ஒரு சோதனை ஃபைல் செய்துகொள்ளுங்கள். என்னுடையதில் மூன்று வரிதான். முதல் வரி யோவான் 1:1, இரண்டாவது ஆதியாகமம் 1:1. தமிழ் வேதாகமத்தில் இரண்டுமே ‘ஆதியிலே’ என்று தொடங்கும், மறக்காது. யோவானின் ‘ஆர்கே’ என்ற சொல்லில் முதல் எழுத்தின் மேல் மெல்லிய மூச்சுக்குறி ஒன்று, கடைசி எழுத்தான ஏட்டாவின் மேல் வளைந்த அழுத்தக்குறி, அதே ஏட்டாவின் அடியில் குட்டி இயோட்டா. மூன்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கிரீஸ் நாடு 1982-இல் பழைய குறிகளை எல்லாம் கழித்து ஒரே ஒரு அழுத்தக்குறியோடு எழுதும் முறைக்கு மாறிவிட்டது, அதனால் இன்றைய கிரேக்கத்துக்காகச் செய்த ஃபான்டில் அந்த ஏட்டா கட்டமாகத்தான் வரும். ‘கிரேக்கம் சப்போர்ட் உண்டு’ என்று பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தப் புதுக் கிரேக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆதியாகமத்தின் ‘பெரேஷித்’ வலது ஓரத்தில் தொடங்க வேண்டும். முதல் எழுத்தான பேத்தின் வயிற்றுக்குள் ஒரு புள்ளி, அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி. நடுவில் வரும் ஷின்னுக்கு வலது தோளின் மேல் ஒரு புள்ளி, அடியில் உயிர்ப்புள்ளி, அதன் பக்கத்திலேயே, வசனத்தை ஓதிப் பாடும் முறையைக் காட்டும் இசைக்குறி ஒன்று. அந்த இரண்டும் ஷின்னின் அடியில் இடித்துக்கொள்ளாமல் நின்றால் உங்கள் கருவிக்குப் பாதி மார்க் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வரிக்கு எருசலேம் என்ற ஒரு சொல் போதும். எபிரேய மூலத்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அந்தச் சொல்லில் ஒரு யோத் எழுத்து விடுபட்டிருக்கும், ஆனால் அதற்குரிய உயிர்க்குறி மட்டும் முந்தைய எழுத்தான லாமேதின் அடியில் வந்து ஒண்டிக்கொண்டிருக்கும். ஒரே எழுத்துக்கு இரண்டு உயிர், வாடகைக்கு இடம் கிடைக்காத குடும்பம் மாதிரி. யூனிகோடின் ஒழுங்குமுறை இந்த இரண்டின் வரிசையை மாற்றிப் போட்டுவிடும் என்பதால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் செருகி வைப்பார்கள். நல்ல கருவி அதை மறைத்துவிட்டு இரண்டு உயிரையும் வரிசையாக வைக்கும், மோசமான கருவி நடுவில் ஒரு கட்டத்தைக் காட்டும்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலில் உண்மையான கிழங்களைப் பேசித் தீர்த்துவிடலாம், ஸ்மார்ட்போன் காலத்துக்கு முந்தைய கையடக்கக் கணினிகளான பாம் டிஎக்ஸும் பாக்கெட் பிசியும். இவற்றை இன்னமும் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். பாம் ஓஎஸ்ஸுக்கு யூனிகோட் தெரியாது. ஒரு ஃபான்டுக்குள் 256 அறைதான், அதில் கணிசமான பகுதியை ஆங்கிலம் முன்பதிவு செய்துவிட்டது. அதனால் அந்தக் காலத்துக் கிரேக்க ஃபான்டுகள் நம் பாமினி மாதிரி: ஆங்கில எழுத்தின் அறையில் கிரேக்க எழுத்து குடியிருக்கும், அழுத்தக்குறி தனியாக வந்து முந்தைய எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். பாமினியில் அடித்த ‘அம்மா’ அடுத்த கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்த கதைதான் இங்கும். ஃபான்டும் ஃபைலும் ஒரே குடும்பமாக இருந்தால் மட்டுமே படிக்க முடியும், யூனிகோடில் இன்று கிடைக்கும் எந்த ஃபைலையும் நேராகப் போட முடியாது.

எனவே பாமில் ஃபான்டைத் தனியாக ஏற்றும் யோசனையே வேண்டாம். சிஸ்டத்துக்குள் புகுந்து மாற்றும் ஹேக்மாஸ்டர் வகையறா தந்திரங்கள் பாம் ஓஎஸ் 4 வரைக்கும்தான், அதற்கப்புறம் வந்தவற்றில் பலிக்காது. தன் ஃபான்டைத் தானே சுமந்து வரும் வேதாகமச் செயலி இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆலிவ் ட்ரீயின் பைபிள் ரீடர் அப்படிப்பட்டது, கிரேக்கமும் எபிரேயமும் அதற்குள்ளேயே ஏற்பாடாகியிருந்தன. டிஎக்ஸ் 2005-இல் வந்த கருவி, 320×480 திரை. அந்தத் திரையில் கிரேக்கம் இன்றைக்கும் படிக்கும்படி இருக்கிறது.

பாக்கெட் பிசியின் கதை இதற்கு நேர் எதிர். அதன் ஓஎஸ்ஸான விண்டோஸ் சிஇ பிறப்பிலேயே யூனிகோட், டிடிஎஃப் என்ற ஃபான்ட் ஃபைலை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் காப்பி பண்ணி ஒரு தடவை ரீசெட் செய்தால் கிரேக்கம் வந்துவிடும். எபிரேயம் வருவது போல வந்து ஏமாற்றும். எழுத்துகள் உண்டு, ஆனால் ஆங்கிலக் கருவிகளில் வரி இடமிருந்து வலமாக ஓடும், அதைச் சரிசெய்ய வெளியிலிருந்து வேறொரு மென்பொருள் வாங்க வேண்டியிருந்தது. சிலர் சொற்களையே தலைகீழாகத் திருப்பி ஃபைலில் சேமித்தார்கள். ஒற்றை வரி வரைக்கும் அது சரி. வசனம் நீண்டு இரண்டாவது வரிக்கு மடங்கினால் தொடக்கம் கீழ் வரியிலும் முடிவு மேல் வரியிலும் போய் நிற்கும், கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு கொடுமையும் உண்டு: விண்டோஸ் மொபைல் 5-க்கு முந்தைய கருவிகளில் நாம் போட்டது எல்லாம் ரேமில் இருந்தது, பேட்டரி தீர்ந்தால் போச்சு. ஒரு தடவை ஊருக்குப் போகும்போது என்னுடையதை மேசை இழுப்பறையில் மறந்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திரும்பி சார்ஜ் போட்டால் ஃபான்ட், ஃபைல், முகவரி எல்லாம் துடைத்துவைத்த சிலேட். அதற்கப்புறம் அதைக் கடிகாரமாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது பலரிடம் இருக்கும் ‘பழையது’ எது? 2015 வாக்கில் வாங்கிய இ-ரீடர், இல்லையென்றால் வீட்டில் யாரோ கழித்துப்போட்ட ஆண்ட்ராய்டு போன். இவற்றுக்கு நான்கு வழி இருக்கிறது.

ஃபான்ட் ஃபோல்டரில் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கிண்டிலில் 2018-இல் வந்த 5.9.6 மென்பொருளிலிருந்து நம் ஃபான்டை நாமே போட்டுக்கொள்ளலாம், கணினியில் செருகினால் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டர் தெரியும். கோபோ இ-ரீடரில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரை நாமே உருவாக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, பணம் இல்லை, எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் நீங்கள் மாற்றுவது எழுத்தின் சட்டையை மட்டும்தான். குறிகளை உட்காரவைக்கும் வேலை கருவியின் சொந்த மென்பொருளிடமே இருக்கிறது, அது ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு புத்தக வடிவத்திலும் வேறுபடும், கோபோவிலேயே சாதாரண இபப் மின்புத்தகத்துக்கு ஒரு எஞ்சின், அதன் சொந்த வடிவத்துக்கு வேறு எஞ்சின். தம்பி மாட்டிக்கொண்டது இங்கேதான். பிடிஎஃப்புக்கும் இந்த ஃபான்ட் ஃபோல்டருக்கும் சம்பந்தமே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஃபான்டை மாற்றப் பார்த்து ஒரு மாலையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபான்டைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்து அனுப்புவது அடுத்தது. காலிபர் என்ற மின்புத்தக மென்பொருளில் ஒரு டிக் போட்டால் இபப்புக்குள் ஃபான்ட் ஏறிவிடும், கருவியில் வெளியீட்டாளர் ஃபான்ட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பக்கத்தில் கிரேக்கத்துக்கு ஒன்று, எபிரேயத்துக்கு ஒன்று, தமிழ்க் குறிப்புக்கு ஒன்று என்று மூன்று ஃபான்டைக் கலக்க இது வசதி. மற்றபடி மேலே சொன்ன குறை அப்படியே இருக்கும், சட்டையைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, யாரும் சீண்டாத பிடிஎஃப். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பிடிஎஃப் என்றாலே சின்னத் திரையில் ஏ4 பக்கத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பெரிதாக்கும் சித்திரவதை என்று நினைக்கிறோம். பக்கத்தையே திரை அளவுக்குச் செய்தால்? ஆறு அங்குலத் திரை என்பது ஏறக்குறைய 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். லிப்ரே ஆபிஸில் அந்த அளவில் பக்கம் வையுங்கள், ஓரம் 3 மி.மீ. போதும், எழுத்து 16 புள்ளி, பத்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்றுங்கள், பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். குறிகளை உட்காரவைக்கும் வேலையை உங்கள் கணினியே முடித்துவிடுகிறது, கருவி அதை அப்படியே அச்சடித்த தாளைக் காட்டுவது போலக் காட்டும். மேஸ்திரி வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறார். இசைக்குறிகள் உட்பட எல்லாம் இம்மி பிசகாமல் நிற்கும், இரண்டு உயிர் கொண்ட எருசலேம் சோதனையிலும் பாஸ்.

லிப்ரே ஆபிஸில் ஒரு கண்ணி உண்டு. எபிரேயத்தைத் தேர்ந்தெடுத்து மேலே ஃபான்ட் பெயரை மாற்றினால் எதுவும் மாறாதது போல இருக்கும். எபிரேயம், அரபி, தமிழ் எல்லாவற்றுக்கும் அங்கே தனி ஃபான்ட் அமைப்பு, முதலில் மொழி அமைப்புகளில் சிடிஎல் (சிக்கலான எழுத்தமைப்பு) என்பதை இயக்கிவிட்டு, எழுத்து அமைப்புக்குள் அந்தப் பிரிவில் போய் மாற்ற வேண்டும். தமிழில் கடிதம் அடிப்பவர்கள் இதில் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்திருப்பீர்கள்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் திரும்பக் கணினிக்கு வந்து புதிதாக ஏற்றுமதி செய்ய வேண்டும். சொல்லைத் தொட்டு அகராதி பார்ப்பது எபிரேய பிடிஎஃப்பில் நம்பமுடியாத காரியம். முழுப் பழைய ஏற்பாட்டையும் ஒரே ஃபைலாகச் செய்யாதீர்கள், 929 அதிகாரத்தைச் சின்னச் சின்னப் பக்கங்களாக வெட்டினால் பழைய கருவி மூச்சுத் திணறும். யோனா 48 வசனம், ரூத் 85 வசனம், அப்படிப் புத்தகம் புத்தகமாகச் செய்யுங்கள். தலைப்புகளுக்குத் தலைப்பு ஸ்டைல் கொடுத்தால் அதிகாரத்துக்கு அதிகாரம் தாவவும் முடியும்.

நான்காவது, கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலி. இலவசம், திறந்த மூலம், கருவியின் சொந்த வாசிப்புச் செயலியைத் தாண்டித் தன் எஞ்சினிலேயே எழுத்தை வரைகிறது. நாம் தேடிய மேஸ்திரி இதற்குள்ளேயே இருக்கிறார், ஹார்ஃப்பஸ் என்று பெயர், வலமிருந்து இடம் ஓட்டவும் ஆள் இருக்கிறது. ஃபான்டை அதன் ஃபோல்டருக்குள் போட வேண்டும். போட்டதும் ஒன்றைப் பாருங்கள்: கீழ்ப்பட்டையில் கெர்னிங் என்ற வரிசை இருக்கும், அது கடைசியில் இருக்கும் ‘பெஸ்ட்’டில் நிற்க வேண்டும். அப்போதுதான் முழு வடிவமைப்பும் நடக்கும், வேகமான தேர்வில் விட்டுவிட்டு ‘இதிலும் புள்ளி தவறுதே’ என்று புலம்பிப் பயனில்லை. தமிழுக்கும் இதே அமைப்புதான், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பக்கம் திரும்புவது கொஞ்சம் மெதுவாகும், வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம் படிக்கிறவருக்கு என்ன அவசரம்?

இதன் விலை வேறிடத்தில் இருக்கிறது. கோபோவில் பூட்டு உடைக்காமல் நிறுவலாம், ஆண்ட்ராய்டில் சாதாரணச் செயலி போலவே. கிண்டிலில் மட்டும் ஜெயில்பிரேக், அதாவது பூட்டை உடைப்பது, தேவை, அது முடியுமா என்பது உங்கள் கருவியில் இருக்கும் மென்பொருள் பதிப்பைப் பொறுத்தது. பயமாக இருந்தால் பிடிஎஃப்போடு நின்றுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்புறம், கேஓரீடரில் ஸ்டார்டிக்ட் அகராதிகள் போடலாம் என்றதும் பலருக்கு ஆசை பொங்கும். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அகராதியில் இருப்பது வேர்வடிவம், வசனத்தில் இருப்பது கால இடமெல்லாம் ஏறி முன்னொட்டு பின்னொட்டு சேர்ந்து உருமாறிய வடிவம். ‘வந்தான்’ என்று தொட்டால் ‘வா’ கிடைக்காத அகராதி மாதிரிதான், எபிரேயத்தில் ‘உம்’மும் ‘அந்த’வும் சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டே வரும் என்பதால் இன்னும் மோசம்.

பழைய ஆண்ட்ராய்டில் ரூட் செய்து சிஸ்டம் ஃபான்டையே மாற்றும் ஐந்தாவது வழி ஒன்றும் சுற்றிவருகிறது. வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு வலமிருந்து இடம் அமைப்பு முறையாக வந்ததே 2012-இல், 4.2-இல்தான். அதற்கு முந்தைய போனில் ஃபான்டை மாற்றி என்ன கிடைக்கப்போகிறது, மிஞ்சினால் போன் திறக்காமல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஃபான்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஒன்றே ஒன்று போட இடம் இருந்தால் கார்டோ, பழங்கிரேக்கமும் எபிரேயமும் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. எபிரேயத்துக்கென்று தனியாக என்றால் எஸ்ரா எஸ்ஐஎல், கல்லூரியில் பார்த்த எபிரேய மூலப் பதிப்பின் முகவெட்டு, கண்ணுக்குப் பழகியது. எஸ்பிஎல் ஹீப்ருவும் அருமை, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். கிரேக்கத்துக்கு நான் ஜென்டியத்தை விட்டு நகர்வதில்லை. ஜிஎஃப்எஸ் டிடோ அச்சில் அழகு, ஆனால் அதன் மெல்லிய கோடுகள் 800×600 இ-இங்க் திரையில் கரைந்துவிடும். அழகுக்காகச் சொல்லவில்லை. கிரேக்கத்தில் ‘உள்ளே’ என்பதற்கும் ‘ஒன்று’ என்பதற்கும் ஒரே இரண்டு எழுத்துதான், தலைக்கு மேல் இருக்கும் மூச்சுக்குறி எந்தப் பக்கம் வளைகிறது, அழுத்தக்குறி இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். எபிரேயத்தில் பத்தாக் என்பது எழுத்தின் அடியில் ஒரு கோடு, காமெட்ஸ் என்பது அதே கோட்டில் தொங்கும் ஒரு சின்ன வால். திரை அந்த வாலைத் தின்றுவிட்டால் உச்சரிப்பே மாறிப்போகும். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) திரை இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும், 167 பிபிஐ என்றால் எழுத்தைத் தயங்காமல் இரண்டு சைஸ் ஏற்றுங்கள்.

ஃபைலிலும் ஒரு கை வேலை பாக்கி. சில இடங்களில் கிடைக்கும் கிரேக்கப் பாடம் எழுத்தும் குறியும் பிரிந்த நிலையில் இருக்கும், பழைய கருவியில் குறிகள் எழுத்துக்குப் பக்கத்தில் சிதறிக் கிடக்கும். என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். எபிரேயத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அங்கே என்எஃப்சி ஒட்டவைக்காமல், ஒட்டியிருந்த ஷின்னையும் புள்ளியையும்கூடப் பிரித்துவிடும். கருவியை மாற்ற வழியே இல்லை என்றால் இசைக்குறிகளை மட்டும் நீக்கிய பாடத்தைப் போடுங்கள், உயிர்க்குறிகளின் நெரிசல் பாதியாகக் குறையும். உயிரையும் நீக்கி வெறும் மெய்யெழுத்தாகப் படிக்கிற தைரியம் இருந்தால், வலமிருந்து இடம் ஓடத் தெரிந்த எந்தக் கருவியும் போதும், இஸ்ரேலில் செய்தித்தாளே அப்படித்தான் அச்சாகிறது.

தம்பியின் கருவி பூட்டு உடைக்கும்படியானதாக இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை மின்புத்தகமாகப் போட்டு ஜென்டியத்தை ஃபோல்டரில் வைத்தோம். எபிரேயத்துக்கு ரூத்தை 9×12-இல் பிடிஎஃப் செய்தோம், முதல் தடவை வலது ஓரத்தில் வரியின் முதல் எழுத்து வெட்டுப்பட்டது, ஓரத்தை 4 மி.மீ. ஆக்கியதும் சரியானது. இரண்டு நாள் கழித்து போன் பண்ணினார், யோனாவையும் அவரே செய்து முடித்துவிட்டாராம். “சங்கீதத்துக்கு மட்டும் எழுத்து 18 வைக்கட்டுமாண்ணே, ராத்திரி பஸ்ஸுல படிக்கறதுக்கு?” என்று கேட்டார். வையுங்கள் என்றேன்.